வலிக்கிற இடத்தில் பேடை ஒட்டாதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். 7 மாதத்துக்கு முன் வலது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரை பட்டையாக அக்கி வந்தது. ஊரில் காவி எழுதிவிட்டு ஆறாம் நாள்தான் டாக்டரிடம் போனோம். கொப்புளம் காய்ந்துவிட்டது, வலி போகவில்லை. சட்டை உரசினாலே துடிக்கிறார். ராத்திரி ப்ரீகாபலின் 75 என்ற நரம்பு வலி மாத்திரை போடுகிறார். பகலில் போட்டால் தலை சுற்றுகிறது. பிசியோதெரபி நிலையத்தில் 10 நாள் கரண்ட் வைத்தார்கள். வைக்கும்போது இதமாக இருக்கும், பஸ் ஏறி வீடு வருவதற்குள் பழையபடி ஆகிவிடும். பிறகு ஆன்லைனில் டென்ஸ் மெஷின் (தோலில் பேட் ஒட்டி மெல்லிய மின்துடிப்பு கொடுக்கும் கருவி) வாங்கி, வலிக்கிற இடத்திலேயே ஒட்டினோம். ஒருமுறை கத்திவிட்டார். இன்னொருமுறை ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்ல, நாங்கள் கூட்டிக்கொண்டே போனதில் தோல் சிவந்து இரண்டு இடத்தில் கன்றிப்போனது. இப்போது மெஷின் பீரோவில் கிடக்கிறது. இது வீண் செலவா? மார்புப் பக்கம் வைத்தால் இதயத்துக்கு ஆபத்தா? முதுகுத்தண்டில் மெஷின் வைக்கும் ஆபரேஷன் இருக்கிறதாமே, அதைச் செய்துகொள்ளலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

மெஷினை பீரோவிலிருந்து வெளியே எடுங்கள். அது வீணா இல்லையா என்பது இன்னும் சோதிக்கப்படவே இல்லை. நீங்கள் ஒட்டிய இடம் தவறு. அதற்கான தடயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஒருமுறை அப்பா கத்தினார், இன்னொருமுறை அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரே மெஷின், ஒரே ஆள், ஒரு சாண் தோல். அதில் ஓரிடம் தொட்டாலே கொதிக்கிறது. பக்கத்திலேயே இன்னோரிடம் மரத்துக் கிடக்கிறது. அக்கிக்குப் பின் தங்கிவிடும் நரம்பு வலியில் இப்படி இருப்பது வழக்கம்தான். இந்த இரண்டு வகைத் தோலிலும் டென்ஸ் பேடை ஒட்டக்கூடாது.

ஏன் என்று தெரிந்துகொண்டால் எங்கே ஒட்டுவது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். எப்போதோ வந்துபோன சின்னம்மையின் கிருமி உடம்பை விட்டு முழுதாகப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டி ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு வேர் முடிச்சு உண்டு. அதற்குள் பல ஆண்டுகள் ஒடுங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு முடிச்சிலிருந்து கிளம்பி, அந்த நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வந்து உடம்பின் நடுக்கோட்டோடு நின்றுவிடுகிறது. வருகிற வழியெல்லாம் நரம்பைப் புண்ணாக்கிவிடும். கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ந்துவிடும். காவி எழுதினாலும் காயும், எழுதாவிட்டாலும் காயும். கிருமிக்கான மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அந்த நாட்கள் கைநழுவியதற்காக இப்போது உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். வீட்டில் வேறு யாருக்காவது வந்தால் முதல் நாளே போய்விடுங்கள்.

தோலிலிருந்து முதுகுத்தண்டுக்குச் செய்தி கொண்டுபோகும் இழைகள் ஒரே மாதிரி இல்லை. தொடுதலையும் அதிர்வையும் சொல்பவை தடித்தவை. நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் ஓடும். எரிச்சலைச் சொல்பவை மெல்லியவை. நொடிக்கு 2 மீட்டர் போனாலே அதிகம். முழங்கையை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்த்துவிடுகிறதே, அப்போது தடித்த இழைகளின் செய்தி முந்திக்கொண்டு போய், மெல்லிய இழைகளின் செய்தி மேலே ஏறாமல் முதுகுத்தண்டிலேயே கதவைச் சாத்துகிறது. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965இல் சொன்ன விளக்கம் இது. 1967இல் வால், வில்லியம் ஸ்வீட் என்ற மருத்துவரோடு சேர்ந்து, தேய்ப்பதற்குப் பதில் மெல்லிய மின்துடிப்பைக் கொடுத்து நோயாளிகளின் வலி அடங்குவதைக் காட்டினார். உங்கள் மெஷின் செய்வதும் அதே வேலைதான்.

இப்போது அப்பாவின் தோலுக்கு வருவோம். மரத்த இடத்தில் தடித்த இழைகளே செத்துக் கிடக்கின்றன. அங்கே எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் செய்தி கிளம்பாது. தோல் மட்டும் வேகும். நடந்தது அதுதான். கொதிக்கிற இடத்தில் கோளாறு வேறு மாதிரி. அங்கே தொடுதலே வலியாக மாறிப் போய்ச் சேர்கிறது, சட்டை உரசினால் துடிப்பது அதனால்தான். அங்கே மின்துடிப்பும் இன்னொரு வலிதான். ஆக, பேட் உட்கார வேண்டியது நல்ல உணர்ச்சி உள்ள தோலில். ஆனால் அந்தத் தோலின் நரம்பு, வலிக்கிற நரம்பு நுழையும் மட்டத்துக்கு அருகிலேயே முதுகுத்தண்டில் நுழைய வேண்டும்.

முதலில் ஒரு வரைபடம் போடுங்கள். பகல் வெளிச்சத்தில், அப்பாவை நாற்காலியில் திருப்பி, நெஞ்சு சாய்மானத்தில் படும்படி சட்டையில்லாமல் உட்காரவையுங்கள். கொஞ்சம் பஞ்சை இழையாக முறுக்கி, பட்டைக்கு வெளியே நல்ல தோலிலிருந்து உள்நோக்கி மெல்லத் தடவிக்கொண்டே வாருங்கள். 'எரிகிறது' என்று அவர் சொல்லும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, பக்கவாட்டில் என்று சுற்றிச் சுற்றி வாருங்கள். பிறகு ஒரு பல்குத்தும் குச்சி. அதன் கூரிய முனையால் ஒருமுறை, மழுங்கிய முனையால் ஒருமுறை, தோல் கிழியாமல் மெல்லத் தொட்டு, எந்த முனை என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவர் சரியாகச் சொல்ல முடியாத இடமெல்லாம் மரத்த இடம். அதற்கு வேறு நிறத்தில் புள்ளி. புள்ளிகளைச் சேர்த்துவிட்டு போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டிலிருந்து குறைந்தது இரண்டு விரற்கடை தள்ளித்தான் எந்தப் பேடும் இருக்க வேண்டும்.

இனி ஒட்டுமிடம். விலா எலும்பு முதுகிலிருந்து முன்பக்கம் வரும்போது கீழ்நோக்கிச் சரிந்து வருகிறது. அதனால் முன்னால் மார்புக்குக் கீழே தெரியும் வலியின் வேர், முதுகில் நீங்கள் நினைப்பதைவிட மேலே இருக்கும். அப்பா கையைத் தொங்கவிட்டிருக்கும்போது தோள்பட்டைச் சப்பை எலும்பின் கீழ்முனையைத் தடவிக் கண்டுபிடியுங்கள். அது ஏறக்குறைய ஏழாவது மார்பு முள்ளெலும்பின் மட்டம். மார்புக்குக் கீழே வரும் அக்கி பெரும்பாலும் ஐந்தாவது அல்லது ஆறாவது மார்பு நரம்பைச் சேர்ந்தது. எனவே அதன் வேர் அந்த முனையைவிட இரண்டு மூன்று விரற்கடை மேலே. அந்த மட்டத்துக்கு மேலே ஒரு பேட், கீழே ஒரு பேட். இரண்டும் வலது பக்கமே, முதுகெலும்பு மேட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பேட் அகலமாவது இடைவெளி வேண்டும். நெருங்கினால் கரண்ட் ஆழம் போகாமல் தோலின் மேலாகவே கடந்துவிடும். இரண்டு பேடும் ஒரே ஒயரின் இரு முனையாக இருக்க வேண்டும். இரண்டு ஒயர் உள்ள மெஷின் என்றால் மற்றதைக் கழற்றி வையுங்கள்.

வரைபடத்தில் பட்டை முதுகெலும்பு வரை வந்து அங்கேயும் கொதிக்கிறது என்றால், பேடுகளை இன்னும் மேலும் கீழுமாக விலக்குங்கள். அதுவும் ஆகாது என்றால் முதுகெலும்பின் இடது பக்கம், அதே மட்டத்தில், முதுகிலேயே இரண்டையும் ஒட்டிப் பார்க்கலாம். எதிர்ப்பக்கத் தூண்டுதலும் சிலருக்கு உதவுகிறது. விலாவின் வலப்பக்கத்தில், பட்டைக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்பது மூன்றாவது வழி. மார்பின் முன்பக்கம் எந்தப் பேடும் வேண்டாம்.

அங்கேதான் இதயத்தைப் பற்றிய உங்கள் கேள்வி வருகிறது. ஆபத்து கரண்ட் போகும் பாதையில் இருக்கிறது. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்று என்று ஒட்டினால் பாதை நெஞ்சைக் குறுக்கே கடக்கிறது. அப்படி எக்காலத்திலும் ஒட்டாதீர்கள். முதுகின் ஒரே பக்கம் மேலும் கீழுமாக ஒட்டும்போது பாதை அந்தப் பக்கத்துத் தோலோடும் தசையோடும் நின்றுவிடும். ஆனால் அப்பாவுக்கு பேஸ்மேக்கரோ, இதயத்துடிப்பைச் சீராக்க உள்ளே வைத்த வேறு கருவியோ இருந்தால் இந்த மெஷின் வேண்டவே வேண்டாம். துடிப்பில் ஒழுங்கின்மை இருப்பதாக எப்போதாவது சொல்லியிருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கழுத்தின் முன்பக்கம், கண், தலை, புண் உள்ள தோல், புற்றுநோய்க் கட்டி உள்ள இடம், ரத்தம் உறைந்து வீங்கிய கால் இவையெல்லாம் தொடக்கூடாத இடங்கள்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா 68 வயதுக்காரர், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர். ஏற்கெனவே நெஞ்சுப் பக்கம் வலி இருப்பதால் புதிய வலியையும் 'அக்கி வலிதான்' என்று தள்ளிவிடும் ஆபத்து அவருக்கு உண்டு. அக்கி வலி எரியும், குத்தும், மின்னல்போல் வெட்டும், தொட்டால் கூடும். நெஞ்சை அமுக்குகிற பாரம், வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, நடந்தால் கூடி நின்றால் குறைவது, இதில் எது வந்தாலும் மெஷினைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு அதிக வலியில்லாமலும் வரும்.

தோலைத் தயார் செய்வதில்தான் பாதி வெற்றி. வலிக்கென்று தைலமோ, தேங்காய் எண்ணெயோ, வேப்பெண்ணெயோ தடவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. எண்ணெய் படிந்த தோலில் கரண்ட் திட்டுத் திட்டாகத்தான் இறங்கும். தைலமோ மிளகாய்ச் சத்துள்ள களிம்போ பூசிய இடத்தில் பேட் ஒட்டினால் எரிச்சல் தாங்காது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் போனபின் ஒட்டுங்கள். பவுடர் வேண்டாம். ரோமம் அடர்ந்திருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள்; ஒட்டுவதற்குச் சற்று முன் சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கரண்ட் பாய்ந்து சுடும்.

பேட் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. சதுரம் நல்ல அளவு. மெஷினோடு வரும் சின்ன வட்டப் பேடுகள் இருந்தால் மாற்றிவிடுங்கள். 25 சதுர செ.மீ. பேடில் கால்வாசி மட்டும் தோலில் ஒட்டி மீதி தூக்கிக்கொண்டு நின்றால், அதே கரண்ட் நான்கு மடங்கு நெருக்கமாக அந்தக் கால்வாசியில் இறங்குகிறது. காய்ந்துபோன பேட், மடங்கிய ஓரம், வியர்வையில் கழன்ற மூலை, இவைதான் வீட்டில் ஏற்படும் முக்கால்வாசிச் சூட்டுக் காயத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். பயன்படுத்தியபின் பேடை அதன் பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி, காற்றுப் புகாத பையில் வையுங்கள். ஒட்டும் தன்மை குறைந்தால் ஜெல் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பரப்பிச் சில நிமிடம் விட்டால் உயிர் வரும். அதற்குப் பிறகும் ஓரம் தூக்கினால் தூக்கி எறியுங்கள். 15 முதல் 30 முறைக்கு மேல் பெரும்பாலும் தாங்காது. டேப் ஒட்டிச் சமாளிக்க வேண்டாம். மெஷினுக்கு ஆகும் செலவைவிடப் பேடுக்கு ஆகும் செலவுதான் நீளும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மெஷினின் எண்கள். 'மசாஜர்' என்ற பெயரில் விற்கும் பலவற்றில் பத்துப் பன்னிரண்டு படங்கள் இருக்கும், துடிப்பின் வேகம் என்ன என்று எங்கும் இருக்காது. அது தசையைக் குலுக்கும் கருவி; உங்களுக்கு உதவாது. துடிப்பின் வேகமும் (நொடிக்கு எத்தனை துடிப்பு; ஹெர்ட்ஸ் என்பது அதுதான்) அகலமும் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) தனித்தனியாக மாற்றக்கூடியதுதான் டென்ஸ். வேகத்தை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்கும் அகலத்தை 100 மைக்ரோ செகண்டுக்கும் வையுங்கள். முறையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானில் பி, என், எம் என்ற எழுத்துகள் இருந்தால் என், அதாவது இடைவிடாத சாதாரண ஓட்டம். கையேட்டில் துடிப்பு இரு திசையிலும் சமமாகப் போய் வருவது என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். ஒரே திசையில் போகும் கரண்ட், பேடுக்கு அடியில் ரசாயன மாற்றம் செய்து தோலைப் புண்ணாக்கும்.

மெஷின் அணைந்திருக்கும்போதே பேடை ஒட்டி, ஒயரைச் செருகி, அளவு பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, பிறகு போடுங்கள். கரண்டைக் கூட்டுவது அப்பாவின் கையாலேயே நடக்கட்டும். முதலில் லேசாக எறும்பு ஊர்வது தெரியும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. வலுவாக, தெளிவாக, ஆனால் வலிக்காமல், தசை துடிக்கத் தொடங்குவதற்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். மாத்திரைக்கு மில்லிகிராம் எப்படியோ அப்படித்தான் இதற்கு இந்த அழுத்தம்; குறைந்த அளவு கரண்ட், டென்ஸே போடாததற்குச் சமம். மெஷினில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். பேட் காய்ந்திருந்தால் ஒரு நாள் 12 என்பது இன்னொரு நாள் 20 ஆகும். அப்பாவின் உணர்ச்சிதான் அளவுகோல். உணர்ச்சி உள்ள தோலைத் தேர்ந்தெடுத்ததன் இன்னொரு பயனும் இதுதான்: அதிகமானால் அவருக்குத் தெரியும், குறைப்பார். மரத்த தோலில் அந்தக் காவல்காரன் இல்லை.

சில நிமிடத்தில் ஊரல் மங்கிப்போகும். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், நரம்பு பழகிவிட்டது. ஒரு படி கூட்டச் சொல்லுங்கள். முதல் நாள் 15 நிமிடம் போதும். எடுத்தபின் தோலைப் பாருங்கள். பேட் அளவுக்கு லேசான இளஞ்சிவப்பு இருந்து ஒரு மணி நேரத்தில் மறைந்தால் பயமில்லை. சின்னச் சின்னக் கரும்புள்ளி, கொப்புளம் என்றால் கரண்ட் ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. ஆறும்வரை அங்கே ஒட்டாதீர்கள், பேடை மாற்றுங்கள். சர்க்கரை உள்ளவருக்குச் சின்னப் புண்ணும் ஆற நாளாகும். பேடின் வடிவத்திலேயே சதுரமாக அரிப்பெடுத்தால் அது பசைக்கு ஒவ்வாமை. கார்பன் ரப்பர் பேடும் எலக்ட்ரோடு ஜெல்லும் வாங்குங்கள். ஏற்கெனவே கன்றிய இரண்டு இடமும் முழுதாக ஆறியபிறகே தொடங்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

தோல் தாங்குகிறது என்று தெரிந்ததும் ஒரு தடவைக்கு 30 முதல் 60 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை வரை போகலாம். எந்த நேரம் என்பது முக்கியம். டென்ஸின் பலன் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் நேரமும் அதன்பின் கொஞ்ச நேரமும்தான். 10 நாள் கரண்ட் வைத்தும் பஸ்ஸில் வலி திரும்பியது அதனால்தான். அந்த நிலையத்தில் வைத்தது பெரும்பாலும் ஐ.எஃப்.டி.யாக இருக்கும், 4,000 ஹெர்ட்ஸ் அளவில் இரண்டு கரண்டைக் குறுக்காகப் பாய்ச்சும் முறை. 15, 20 நிமிடம் வைத்துவிட்டு அனுப்புவார்கள். மூட்டுவலிக்கு அது ஓரளவு சரி. நாள் முழுக்க இருக்கும் நரம்பு வலிக்கு, வலிக்கிற நேரத்தில் கையருகே இருக்கும் மெஷின்தான் பொருத்தம். அப்பாவுக்கு வலி எப்போது கூடுகிறது என்று மூன்று நாள் கவனியுங்கள். மாலையில் சட்டை போட்டு வெளியே கிளம்பும் நேரமா, படுக்கப் போகும் நேரமா? அதற்கு அரை மணி முன்பே தொடங்கிவிடுங்கள். மெஷினை மாட்டிக்கொண்டு பேப்பர் படிக்கலாம், வீட்டுக்குள் நடக்கலாம். தூங்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, குளியலறைக்குள் கொண்டுபோகக்கூடாது. கழற்றும்போது அளவைப் பூஜ்யமாக்கி, அணைத்து, பேடின் ஓரத்தைப் பிடித்து உரியுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளிருக்கும் கம்பி அறுந்து, அடுத்த நாள் விட்டு விட்டுச் சுரீர் என்று அடிக்கும்.

காபி பற்றி ஒரு வார்த்தை. 200 மில்லிகிராம் காஃபின் கொடுத்துச் செய்த ஒரு சிறிய சோதனையில் டென்ஸின் வலி குறைக்கும் பலன் மங்கியது. ஒரே ஒரு சிறு சோதனை என்பதால் காபியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் மெஷினைப் போடும் முன் குடிக்கும் காபியை, முடித்தபின் குடிக்கும்படி மாற்றுவதில் நஷ்டமில்லை.

ஒரே அமைப்பில் தினமும் வைத்தால் உடம்பு பழகிப் பலன் குறையும். 2 முதல் 4 ஹெர்ட்ஸில் தசை லேசாகத் துடிக்கும்படி வைக்கும் இன்னொரு முறை உண்டு. வேகமான துடிப்பும் மெதுவான துடிப்பும் உடம்பின் வெவ்வேறு வலிநிவாரண வாயில்களைத் தட்டுகின்றன; அதனால் மாற்றி மாற்றி வைத்தால் பழக்கம் தள்ளிப்போகும். இரண்டாம் வாரத்திலிருந்து மெஷினின் எம் முறையைச் சில வேளை போட்டுப் பார்க்கலாம். அது வேகத்தையோ அகலத்தையோ தானே ஏற்றி இறக்கும். அப்பா டிரமடால் போன்ற வலுவான வலி மாத்திரை நீண்ட நாளாகச் சாப்பிடுகிறார் என்றால் மெதுவான முறை அவரிடம் அதிகம் எடுபடாது. அது தட்டும் வாயிலும் அந்த மாத்திரை தட்டும் வாயிலும் ஒன்று. அப்போது 80 முதல் 100 ஹெர்ட்ஸிலேயே இருங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? இதில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். நரம்பு வலிக்கு டென்ஸ் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2017இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. 15 ஆய்வுகள், 724 பேர். போலி மெஷினோடு ஒப்பிட்ட சிலவற்றில் 10க்கு ஒன்றரை அளவு வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் ஆய்வுகள் சிறியவை, தரம் மிகக் குறைவு, உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே முடிவு. எனவே உங்கள் வீட்டில் நீங்களே ஒழுங்காகச் சோதித்துத் தீர்மானிப்பதுதான் வழி. ஒரு நோட்டில் 0 முதல் 10 வரை எண் போட்டு, வைக்கும் முன், 30 நிமிடத்தில், எடுத்து ஒரு மணி கழித்து என்று மூன்று எண் எழுதுங்கள். சட்டை பட்டால் எவ்வளவு, ராத்திரி எத்தனை முறை விழித்தார் என்பதையும் குறியுங்கள். நான்கு வாரம். 7 என்பது 5 ஆனால், தூக்கம் ஒரு மணி நேரம் கூடினால், அது மதிக்கத்தக்க பலன். மேலே சொன்ன இடங்களில் மாற்றி ஒட்டியும், போதிய அளவு கொடுத்தும், எண் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதில் உங்கள் தவறோ அப்பாவின் தவறோ எதுவும் இல்லை. சிலரின் நரம்புக் காயம் இதற்குப் பிடிகொடுப்பதில்லை.

சர்க்கரையால் பாதத்திலும் எரிச்சல் இருந்தால், வாங்கிய மெஷினை அங்கேயும் வைக்கலாமே என்று தோன்றும். அதே குச்சிச் சோதனையை முதலில் செய்யுங்கள். உணர்ச்சி போன பாதத்தில் வைக்கவே கூடாது. மரத்த பாதத்தில் ஏற்படும் சூட்டுப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பது சர்க்கரைக்காரர் உள்ள எந்த வீட்டுக்கும் தெரியும்.

மாத்திரையை மெஷினுக்குப் பதிலாகவோ மெஷினை மாத்திரைக்குப் பதிலாகவோ நினைக்க வேண்டாம். ப்ரீகாபலினைத் திடீரென நிறுத்தக்கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தலைசுற்றல் இருக்கும் பெரியவர் இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்துவிடுவதுதான் பெரிய கவலை, ஒரு சின்ன விளக்கு எரியட்டும். அந்த மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவது. சர்க்கரை உள்ளவர் என்பதால் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்து அளவை முடிவு செய்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். 5 சதவீத லிடோகெய்ன் (மரக்கச் செய்யும் மருந்து) ஒட்டுப்பட்டை பற்றியும் கேளுங்கள். தொட்டால் கொதிக்கும் தோலுக்கு அது நல்ல துணை. 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். அதை வலிக்கிற இடத்திலேயே ஒட்டலாம், டென்ஸ் பேடை நல்ல தோலில். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காதீர்கள்.

ஆபரேஷன் கேள்விக்கு வருகிறேன். 1967இல் அமெரிக்க அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி முதன்முதலில் செய்தது. முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே மெல்லிய மின்கம்பியை வைத்து, பிட்டத்திலோ வயிற்றிலோ தோலுக்கு அடியில் பேட்டரியைப் பதிப்பார்கள். உடனே பதித்துவிட மாட்டார்கள். முதலில் கம்பியை மட்டும் ஊசி வழியாக வைத்து, பெட்டியை வெளியே மாட்டி, ஒரு வாரம் போல வீட்டில் இருந்து பார்க்கச் சொல்வார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். முதுகு அறுவைக்குப் பிறகும் தீராத கால் வலிக்கும், சர்க்கரை நரம்பு வலிக்கும் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது; சர்க்கரை நரம்பு வலிக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது. அக்கி வலிக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. கம்பி நகர்ந்துவிடுவதும் கிருமித் தொற்றும் இதன் தெரிந்த சிக்கல்கள், சர்க்கரை உள்ளவருக்குத் தொற்று கூடுதல் கவலை. செலவு பல லட்சம். 7 மாதத்தில், ஒரே மாத்திரை அதுவும் ஒரு வேளை மட்டும் போட்டிருக்கும் நிலையில், அங்கே ஓட வேண்டியதில்லை. காலம் போகப் போக இந்த வலி பலருக்குத் தணியவும் செய்கிறது.

நடுவே இன்னொரு படி இருக்கிறது, அதைத்தான் முதலில் கேளுங்கள். அந்த நரம்பின் வேர் முடிச்சுக்கு அருகே எக்ஸ்ரே பார்த்து ஊசியைக் கொண்டுபோய், விட்டு விட்டு ரேடியோ அலைவேகக் கரண்ட் கொடுக்கும் முறை. ஊசி முனையின் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டாமல் வைப்பதால் நரம்பு கருகாது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். நரம்பைச் சுற்றி மரக்கும் மருந்து செலுத்தும் ஊசியும் உண்டு. பெரிய மருத்துவமனைகளில் மயக்க மருந்தியல் துறையோடு சேர்ந்த வலி சிகிச்சைப் பிரிவில் இவற்றைச் செய்வார்கள். போகும்போது நீங்கள் போனில் எடுத்த அந்த வரைபடத்தையும் நான்கு வார நோட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த நரம்பின் மட்டத்தில் ஊசியை இறக்குவது என்று அந்த மருத்துவர் முதலில் தேடப்போவது அந்தக் கோட்டைத்தான்.